‘ஃபோமட் பண்ணவா?’ என்று கேட்டால்

கெட்டுப்போன மெமரி சிப்பையோ எம்பி3 பிளேயரையோ கணினியில் செருகினால் திரையில் ஒரு சிறிய பெட்டி திறக்கும். இதைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபோமட் செய்ய வேண்டும், செய்யவா என்று அது கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். நம் ஊர்களில் அனேகமாக எல்லோரும் ‘செய்’ என்பதைத்தான் அழுத்துகிறார்கள். கடைக்காரர் அழுத்துகிறார், வீட்டில் நானாமார் அழுத்துகிறார்கள், பாடசாலைக் கணினி அறையிலும் அதுவே நடக்கிறது. கணினியே கேட்கும்போது அது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. அந்த இடத்தில் ‘வேண்டாம்’ என்பதை அழுத்த நாம் பழக வேண்டும், அதிலும் பெண் பிள்ளைகளாகிய நாம் பழக வேண்டும் என்பது என் கருத்து.

எம்பி3 பிளேயரை இப்போது யார் பாவிக்கிறார்கள் என்று கொழும்பில் இருப்பவர்கள் கேட்கலாம். எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலைப் பக்கம் வந்து பாருங்கள். அந்தப் பக்கம் இறக்குவானை, காவத்தை, பலாங்கொடையிலும் இதே கதைதான். விடியுமுன்னே இறப்பர் மரத்துக்குப் பால் வெட்டப் போகிறவர்களின் இடுப்பில் தீப்பெட்டி அளவில் ஒன்று தொங்கும். லயத்து வாசலில் சிப் போடும் சின்ன ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்கும். மலைக்குப் பின்னால் சிக்னல் இல்லை. டேட்டாவுக்குக் காசு வேண்டும். போனை மழையில் நனைக்கவும் முடியாது. இந்தப் பெட்டிக்கோ டவுனில் உள்ள கொமியூனிகேஷனில் ஒருமுறை பாட்டு ஏற்றினால் மாதக்கணக்கில் போதும்.

பாட்டு போனால் போகட்டும். சினிமாப் பாட்டு, கோயில் பாட்டு, எங்கள் வீடுகளில் கேட்கும் கிராஅத், பயான் எல்லாம் ஆயிரம் இடங்களில் இருக்கின்றன, மறுபடியும் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பெட்டிகள் பலவற்றில் குரல் பதியும் பொத்தான் ஒன்றும் உண்டு. சிறுபிள்ளைகள் விளையாட்டாக அதை அழுத்தி விடுவார்கள். அப்படிப் பதிந்த குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. கடையில் நின்று ‘பாட்டுப் பெட்டி பழுது’ என்று சொல்லும்போது நாம் இந்த இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம்.

வாப்பாவின் கடைக்குச் சாமான் வாங்க வரும் ஓர் அக்கா இருக்கிறார், பால் வெட்டுகிறவர். ஒரு நாள் பின்னேரம் கையில் பிளேயரோடு வந்தார். டவுன் கடையில் பாட்டு ஏற்றிக்கொண்டிருக்கும்போது இடி இடித்துக் கரண்ட் போயிருக்கிறது. அதற்குப் பிறகு பிளேயர் பாடவில்லை. கணினி ஃபோமட் கேட்டிருக்கிறது.

“பாப்பா, கடப் பையன் இத அழிச்சாத்தான் சரி வரும்னு சொல்றான். எரநூறு ரூவாயாம். நா வேணாம்னு வாங்கிட்டு வந்துட்டேன். அதுக்குள்ள எங்கம்மா இருக்கு.”

அவருடைய தாய் முந்திய வருடம் மௌத்தாகியிருந்தார். பேரப்பிள்ளையைத் தூங்க வைக்க அந்த அம்மா பாடிய தாலாட்டை மூத்த பேரன் நான்கு தடவை பதிந்து வைத்திருந்தான். வேறு படமோ குரலோ அந்தக் குடும்பத்திடம் இல்லை. எழுதத் தெரியாத ஒரு மனுஷியின் மொத்தச் சொத்தும் அந்த நான்கு பதிவுகள்தான்.

அந்தக் கடைப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். அவனிடம் கேட்டது பெட்டியைச் சரி பண்ணச் சொல்லி. பெட்டி சரியாக ஃபோமட் போதும். உள்ளே என்ன இருக்கிறது, அது வேறெங்காவது இருக்கிறதா என்று கேட்க அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சிப்புக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தோட்டத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். லயத்துக் காம்பராக்களில் ஆட்கள் இருக்கிறார்கள். யார் எந்த லயத்தில், எந்தக் காம்பராவில் என்பது ஆபீசில் ஒரு கொப்பியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வந்தால் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இந்தச் சிறிய பெட்டிகள் பெரும்பாலும் பாவிப்பது ஃபாட் 32 என்ற கோப்பு முறைமையை. அதில் ஒரு பாட்டு பல துண்டுகளாக வைக்கப்படுகிறது. முதல் துண்டு எங்கே, அதற்கு அடுத்தது எங்கே என்று சொல்வது ஓர் அட்டவணை. அந்த அட்டவணைதான் கொப்பி. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கொப்பி கிழிகிறது. கொப்பி கிழிந்ததால் காம்பராவில் ஆட்கள் இல்லாமல் போய்விடுவார்களா?

ஃபோமட் என்பது எல்லாக் காம்பராவும் காலி என்று புதிய கொப்பி எழுதுவது. அப்போதும் ஆட்கள் உள்ளேதான் இருக்கிறார்கள். ஆனால் அதன் பிறகு புதிய பாட்டை ஏற்றும்போது, காலி என்று நம்பி அந்தக் காம்பராக்களுக்கு வேறு ஆட்களை அனுப்புகிறோம். பழையவர்கள் உண்மையாகவே போவது அப்போதுதான். ஃபோமட் செய்து, ‘சரியாயிற்று’ என்று கடையிலேயே ஐந்நூறு பாட்டை ஏற்றிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

இதெல்லாம் பெரிய இரகசியம் அல்ல. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பவர்கள் கோப்பு ஒதுக்கீட்டு முறைகளைப் பாடமாக்கித்தான் பரீட்சை எழுதுகிறோம். படம் கீறி அம்புக்குறி போடுகிறோம். அந்த அம்புக்குறி அறுந்தால் வீட்டில் என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நானாவும் நானும் அவருடைய பழைய லெப்டொப்பில் செய்ததைச் சொல்கிறேன். முதலில் பிளேயரை மறுபடி மறுபடி போட்டு அணைப்பதை நிறுத்தினோம். கணினி ஃபோமட் கேட்டபோது வேண்டாம் என்றோம். அடுத்து, உள்ளே இருப்பதை எதுவும் தொடாமல் முழுவதையும் ஒரே கோப்பாக லெப்டொப்புக்குப் பிரதி எடுத்தோம். வின்32 டிஸ்க் இமேஜர் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். அதில் ‘ரீட்’, ‘ரைட்’ என்று இரண்டு பொத்தான்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ‘ரீட்’ என்பதுதான் பிளேயரில் இருந்து எடுப்பது. மற்றதை அழுத்தினால் பிளேயரின் மேல் எழுதிவிடும். அழுத்துமுன் இரண்டு பேர் பார்ப்பது நல்லது, நாங்கள் உம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினோம்.

பிரதி கையில் வந்த பிறகு பயமில்லை, பரிசோதனை எல்லாம் பிரதியின் மேல்தான். ஃபோட்டோரெக் என்று இன்னொரு இலவச மென்பொருள் இருக்கிறது. கிறிஸ்தோப் கிரனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது. பெயரைப் பார்த்துப் படங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், ஒலிக்கோப்புகளையும் தேடும். அது கிழிந்த கொப்பியைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு காம்பராவாகக் கதவைத் தட்டி, இங்கே இருப்பது எந்த வகைக் கோப்பின் தொடக்கம் என்று பார்க்கிறது. மீட்டதை வேறொரு டிஸ்க்கில்தான் வைக்க வேண்டும். கொப்பி இல்லாததால் பெயர்கள் வராது. எஃப் என்று தொடங்கும் இலக்கங்களாகத்தான் வரும்.

பாட்டுகள் எம்பி3 ஆகவும், அந்தப் பிளேயர் பதியும் குரல் வேவ் ஆகவும் இருந்ததால் தேடுவது இலேசாயிற்று. நான்கில் இரண்டு முழுதாகக் கிடைத்தன. ஒன்றில் ஒரு நிமிடம் கழிந்ததும் பாட்டு அறுந்து, தகரத்தில் மணல் கொட்டுவது போல இரைச்சல். அதன் துண்டுகள் ஒரே வரிசையில் இருக்கவில்லை போலும். நான்காவது கிடைக்கவே இல்லை. முழுதாக வந்த ஒன்றின் நடுவில் அந்த அம்மா பாட்டை நிறுத்தி, “என்னடா அது கைல, அந்தச் சனியன நிப்பாட்டு” என்று பேரனை ஏசுகிறார். அக்கா திரும்பத் திரும்பக் கேட்டது தாலாட்டை அல்ல, அந்த ஏச்சைத்தான்.

எல்லாப் பழுதும் இந்த மாதிரிப் பழுது அல்ல. கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறி, அழுத்தினால் ஒன்றும் திறக்காமல் இருந்தால் அது ஷோர்ட்கட் வைரஸ். கொமியூனிகேஷன் கணினியில் பென் டிரைவ் போடுகிற எல்லோருக்கும் அறிமுகமான விருந்தாளி. அது பெரும்பாலும் எதையும் அழிப்பதில்லை, ஒளித்து வைக்கிறது. ‘அட்ரிப்’ என்ற ஒரு வரிக் கட்டளையால் ஒளித்ததை வெளியே கொண்டுவரலாம். அதற்கும் நம் ஊரில் ஃபோமட்தான் மருந்து! 64 ஜிபி என்று எழுதி மலிவாக விற்கும் போலிச் சிப் இன்னொரு வகை. உள்ளே இருப்பது 8 ஜிபியாக இருக்கும். கணினியிடம் பொய் சொல்லும்படி அதன் கட்டுப்படுத்தியை மாற்றியிருப்பார்கள். எட்டு நிறையும் வரை நன்றாக வேலை செய்யும், பிறகு பதிந்தவை எல்லாம் கெடும். புதிதாக வாங்கியவுடன், எதையும் ஏற்றுமுன், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் சோதித்தால் பொய் வெளிப்படும். கணினி சிப்பைக் கண்டுகொள்ளவே இல்லை, அல்லது செருகியதும் சூடேறுகிறது என்றால் வீட்டு வைத்தியம் சரிவராது. அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். வெள்ளத்தில் நனைந்ததும் அப்படியே. உலருமுன் போட்டுப் பார்க்கக்கூடாது.

பெண் பிள்ளைகள் பழக வேண்டும் என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன்.

எங்கள் வீடுகளில் சிப் கெட்டால் பல உம்மாமார் அதைக் கடைக்கே கொடுக்கமாட்டார்கள். அதில் கல்யாண வீட்டில் எடுத்த பெண்களின் படங்கள் இருக்கும், குமர்ப்பிள்ளைகள் பாடியது இருக்கும். யாரோ ஓர் ஆண் கடையில் இருந்து அதைத் திறந்து பார்ப்பதை விட அடுப்பில் போடுவது மேல் என்பார்கள். லயத்து அக்காமாரிடமும் இந்தப் பயம் இருக்கிறது. சொல்ல வெட்கப்படுகிறார்கள், அவ்வளவுதான். பெரியவர்களின் இந்தப் பயத்தைப் பழைய காலத்து எண்ணம் என்று நான் தள்ளமாட்டேன். உண்மையில் அவர்கள் நினைப்பதை விடவும் அது நியாயமானது. ஃபோமட் செய்த சிப்பைக் கடையில் மாற்றிக்கொண்டு வந்தால், அல்லது பழைய போனோடு விற்றால், நாங்கள் தாலாட்டை மீட்ட அதே மென்பொருளால் எவரும் அந்தப் படங்களை மீட்கலாம். கொப்பிதானே புதிதாயிற்று, காம்பராவில் ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள்.

ஆக, நம் ஊர்க் கடையில் இருநூறு ரூபாவுக்கு நடக்கும் வேலையில், காப்பாற்ற வேண்டியவருக்கு அழிந்துபோகிறது, அழிக்க வேண்டியவருக்கு அழியாமல் இருக்கிறது. அழிக்கத்தான் வேண்டும் என்றால் ‘குவிக் ஃபோமட்’ என்ற சரியடையாளத்தை எடுத்துவிட்டு முழு ஃபோமட் செய்ய வேண்டும். விண்டோஸ் விஸ்டாவுக்குப் பின் வந்தவை அப்போது டிஸ்க் முழுவதும் பூச்சியத்தை எழுதும். இல்லாவிட்டால் சிப்பை உடைக்க வேண்டும். இந்த இரண்டு வேலையையும் வீட்டிலேயே ஒரு மகள் செய்யத் தெரிந்தவளாக இருந்தால், அந்த வீட்டு உம்மாவுக்கு அடுப்பும் வேண்டாம், கடையும் வேண்டாம்.

இனி சிப் எதற்கு, எல்லாவற்றையும் இணையத்தில் போட்டு வைக்கலாமே என்று என் வகுப்புத் தோழிகள் சொல்கிறார்கள். போடலாம். கூகிள் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது. ஆனால் இரண்டு வருடம் தொடாத கணக்கை நீக்கலாம் என்ற விதியும் 2023 டிசம்பரில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. தோட்டத்தில் ஒரு பையன் அம்மாவுக்குக் கணக்குத் திறந்து கொடுத்துவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போகிறான். போன் உடைகிறது, கடவுச்சொல் அவன் போட்டது. அந்தக் கணக்கை யார் தொடுவார்கள்? இணையமும் ஒரு பிரதிதான். ஒரே பிரதி என்றால் எங்கே இருந்தாலும் பயம்தான்.

ஃப்ளாஷ் நினைவகத்தை நெடுநாள் பெட்டகமாக நம்பவும் கூடாது. உள்ளே இருப்பது நுண்ணிய கலங்களில் அடைபட்ட மின்னேற்றம். எழுதி எழுதி அழித்தால் கலம் தேய்கிறது. தொடாமல் வருடக்கணக்கில் வைத்தாலும் மின்னேற்றம் மெல்லக் கசிகிறது. தோஷிபா நிறுவனத்தில் இருந்த ஃபுஜியோ மசுயோகா 1984இல் இதை உலகத்துக்கு அறிவித்தார். இதில் உள்ளதை அழிக்கும் வேகம் கமராவின் ஃப்ளாஷ் வெளிச்சத்தை நினைவுபடுத்தியதால் அவருடைய சக ஊழியர் ஷோஜி அரிசுமி அந்தப் பெயரைச் சொன்னாராம். வைத்துக் காப்பதற்கு நாம் நம்பியிருக்கும் பொருளின் பெயரே அழிப்பதில் இருந்து வந்திருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

நம் முன்னோர்களுக்கு இந்தப் பிரச்சினை தெரியாததல்ல. பனையோலையைக் கறையான் தின்னும், எனவே ஓலை சிதையுமுன் இன்னோர் ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். பெயர்த்து எழுத ஆள் இல்லாமல்போன வீடுகளில் என்ன நடந்தது என்பதைத் தமிழ் படிப்பவர்கள் அறிவோம். உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிப் போனபோது, சிதைந்த சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்டோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் அது பெட்டி சுத்தமாகும் வேலையாகத்தான் தெரிந்திருக்கும்.

இரண்டாவது பிரதி இன்னொரு வீட்டில் இருக்க வேண்டும். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தபோது வீடுகள் முழுதாக மண்ணுக்குள் போயின. 2003 மே மாதமும் 2017 மே மாதமும் களுகங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்தது. இப்படிப்பட்ட மாவட்டங்களில் வாழ்ந்துகொண்டு ஒரே அலுமாரியில் இரண்டு சிப் வைத்தால் அதை இரண்டு என்று எண்ண முடியாது. மாமி வீட்டில் ஒன்று, நம் வீட்டில் ஒன்று. குடும்பத்துக்கு வெளியேயும் கொடுக்கச் சம்மதம் என்றால், 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தார் ஈழத்து நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வைக்கிறார்கள். மலைநாட்டுத் தொழிலாளரின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை கேட்டுக் கேட்டு எழுத்தில் சேர்த்தார். அவர் எழுதியதில் சொல் இருக்கிறது. பாடியவரின் குரல் இல்லை. இன்று லயத்துப் பையன் விளையாட்டாக அழுத்தும் பொத்தானில் குரலும் சேர்ந்து கிடைக்கிறது, நாம்தான் அதை இருநூறு ரூபாவுக்கு அழித்துக்கொண்டிருக்கிறோம்.

அதனால் நான் கேட்பது சிறிய விடயம். எங்கள் கல்லூரிக் கணினி அறையில் வாரம் ஒரு நாள், பாடசாலை விட்ட பிறகு ஒரு மணி நேரம் தாருங்கள். ஒரு டீச்சர் இருக்கட்டும். உயர்தர மாணவிகள் நான்கு பேர் போதும். வைரஸ் பரவும் என்று டீச்சர்மார் பயப்படுவது சரிதான், எனவே மற்றக் கணினிகளோடு தொடர்பில்லாத ஒரு கணினியை லினக்ஸில் ஓட்டினால் போதும், ஷோர்ட்கட் வைரஸ் அதில் ஓடாது. சிப்பின் சொந்தக்காரி பக்கத்தில் இருக்க வேண்டும், வெறும் பென் டிரைவ் ஒன்று கொண்டுவர வேண்டும், மீட்டதை அவர் மட்டுமே திறந்து பார்க்க வேண்டும், நம் கணினியில் ஒன்றும் மிஞ்சக்கூடாது. மாணவிகளின் உம்மாமார் வரலாம், தோட்டத்து அக்காமாரும் வரலாம். காசு வாங்கக்கூடாது.

முதல் நாளுக்கு ஆள் இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு மாமியிடம் ஒரு பிளேயர் இருக்கிறது. கட்டாரில் இருந்த மகன் லீவில் வந்த நேரம் அதில் பேசிப் பதிந்துவிட்டுப் போனது. இரண்டு வருடமாக அது திறக்கவில்லை. மாமி அதைப் பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறார், இன்னும் எந்தக் கடைக்கும் கொடுக்கவில்லை.